சும்மா நடக்க ஒரு பாசஞ்சர்

"ஏட்டி, அங்க நமக்கு யாரு வீடு இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. யார் வீடும் இல்லை என்றேன். கோயிலுக்கா என்றாள். வழியில் கோயில் இருக்கிறது, ஆனால் கோயிலுக்காகப் போகவில்லை என்றேன். "அப்ப எதுக்கு?" நடக்க என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைப் பார்த்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனிதர் நடக்க வேண்டும் என்றால் அதற்கு மூன்று காரணங்கள்தான் செல்லும். சுகர் இருக்க வேண்டும். இல்லை, திருச்செந்தூருக்கு மாலை போட்டிருக்க வேண்டும். இல்லை, பஸ் வராமல் இருந்திருக்க வேண்டும். நாலாவதாக 'சும்மா' என்று ஒரு காரணம் உண்டு, ஆனால் அது பையன்களுக்கு மட்டும். என் தம்பி சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனால் அங்கே யார் வீடு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவன் திரும்பி வந்ததும் பெட்ரோலுக்கு வேறு காசு கொடுக்கிறார்கள். எனக்கு பைக் கிடையாது. ஸ்கூட்டி அம்மாவுடையது. அதில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது அம்மாவுக்கு மனப்பாடம்.

எனக்கு இருப்பது பாளையங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனும், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சரும், பத்து ரூபாயும்தான். ஆற்றங்கரையில் ஒரு நாள் நடக்க இது போதும் என்பது என் கட்சி. போதும் என்பதை விட, பைக்கை விட இதுதான் சரியான வண்டி என்று கூடச் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

பைக்கிலோ காரிலோ ஆற்றுக்குப் போனால் என்ன செய்கிறோம்? ஒரு இடத்தில் நிறுத்துகிறோம், இறங்குகிறோம், கொஞ்ச தூரம் போகிறோம், வண்டி ஞாபகம் வருகிறது, திரும்பி விடுகிறோம். வண்டி ஒரு கயிறு மாதிரி. முளைக்குச்சியில் கட்டின ஆடு எவ்வளவு மேயுமோ அவ்வளவுதான் நம் நடை. ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அங்கே ஏறிக்கொள்ளலாம். வந்த வழியே திரும்ப வேண்டாம். ஆறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நாமும் போகலாம். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு இருபது வயதில்தான் உறைத்தது.

திருச்செந்தூர் லைன் இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது. 1923-இல் திறந்த பாதை. செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று வண்டி ஒவ்வொரு ஊராக நின்று போகும். தாமிரபரணி கிட்டத்தட்டக் கூடவே வருகிறது, ஆனால் ஜன்னல் வழியாகத் தெரியாது. நடுவில் வாழைத் தோட்டம் மறைத்துக்கொள்ளும். இறங்கினால்தான் ஆறு.

நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் போன தை மாதத்தில் முதல் தடவையாக இப்படிப் போனோம். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினோம். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்கினால் ஸ்ரீவைகுண்டம் வராது. ஸ்டேஷன் ஆற்றின் தென்கரையில் புதுக்குடிப் பக்கம் இருக்கிறது. ஊர் வடகரையில். நடுவில் அணைக்கட்டு. தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். ஏழு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே கட்டியவை. எட்டாவதும் கடைசியுமானது இது, 1873-இல் முடித்தார்கள். இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. அணைக்கு மேற்கே குளம் போல் தண்ணீர், அமலைச்செடி பச்சைப் பாயாகப் பரவிக் கிடக்கிறது. கிழக்கே மணலும் பாறையுமாக நாலைந்து ஓடைகள். ஒரே ஆறு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பணக்காரன், அந்தப் பக்கம் ஏழை. (பி.காம். படிக்கிறவளுக்கு இப்படித்தான் தோன்றும், மன்னிக்கவும்.)

வடகரைக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பவும் தென்கரைக்கு வந்து கிழக்கே நடந்தோம். ஆழ்வார்திருநகரி வரைக்கும் ஐந்தாறு கிலோமீட்டர். சில இடங்களில் கரை மேல் வண்டித்தடம் இருக்கிறது. சில இடங்களில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் இறக்கிவிடுகிறது. ஒரு பக்கம் ஏத்தன் வாழை, இன்னொரு பக்கம் நெல். வாழை இலை காற்றில் கிழியும் சத்தம் தூரத்தில் மழை வருவது போலவே இருக்கிறது, இரண்டு தடவை ஏமாந்து வானத்தைப் பார்த்தோம். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி எங்களை நிறுத்தினாள்.

"எங்க போறிய பிள்ளைகளா? யாரு வீட்டுக்கு?"

(அம்மா போன் பண்ணிச் சொல்லிவிட்டாளோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.)

"யார் வீட்டுக்கும் இல்ல ஆச்சி. சும்மா நடக்கோம், திருநகரி வரைக்கும்."

"சும்மாவா? வெயில்ல சும்மா யாரு நடப்பா?" என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாவ. வெரசாப் போனா சேவிச்சிட்டுப் போலாம்" என்றாள். எங்கள் நடைக்கு ஒரு காரணத்தை அவளே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். அதற்கப்புறம் வழியில் கேட்ட எல்லோரிடமும் கோயிலுக்கு என்றே சொன்னோம். எல்லோரும் உடனே சந்தோஷமாக வழி காட்டினார்கள். இது எனக்கு இன்னமும் கொஞ்சம் கசப்புதான். நம்மாழ்வார் பிறந்த ஊரை, அந்தப் பழைய புளியமரத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு பெண் ஆற்றங்கரையில் இருப்பதற்குப் பெருமாளின் சிபாரிசுக் கடிதம் எதற்கு?

இதில் ரயில் எனக்கு என்ன உதவி செய்கிறது என்றால், அது கேள்வி கேட்பதில்லை. பாசஞ்சரில் காலையில் பூக்காரி இருக்கிறாள், கூடையோடு மீன் வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், முருகனைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இறங்கும் ஸ்டேஷனும் தெரியும், ஏறும் ஸ்டேஷனும் தெரியும், நேரமும் தெரியும். அம்மாவிடம் "இந்த வண்டியில் போய் இந்த வண்டியில் வருவேன்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அந்தச் சீட்டுதான் அனுமதி வாங்கித் தந்தது, என் வாதத் திறமை இல்லை.

பஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது எங்கள் வீட்டில் வரவு செலவே மாறியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திருச்செந்தூர் மெயின் ரோட்டில் பறக்கிற பஸ்ஸுக்கு ஆறு ஒரு போர்டு, அவ்வளவுதான். பாசஞ்சர் நிற்கும் இடங்கள் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் இருக்கின்றன. நடக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிடுகிறது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். வேகம் அதே, நிற்கும் ஊரும் அதே, பெட்டியும் அதே. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10-க்கு வந்தது. முப்பது ரூபாய் பெரிய காசா என்று கேட்கலாம். போக வர அறுபது, இரண்டு பேருக்கு நூற்றிருபது. என் வாரச் செலவுக்கு வீட்டில் கொடுப்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் அறுபது என்றால் போயிருக்க மாட்டேன். தினமும் போய் வந்து பூ விற்கிற அம்மாவுக்கு அது என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2016-இல் ரயில் டிக்கெட்டுகளில் ஒரு வரி அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்கு டிக்கெட் மூலம் திரும்பக் கிடைக்கிறதாம். மீதி 43-ஐ யாரோ எனக்காகக் கட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு டிக்கெட்டும் குத்திக்காட்டுகிறது. காஸ்டிங் பேப்பரில் 'மார்ஜினல் காஸ்ட்' என்று ஒரு பாடம் உண்டு. எப்படியும் ஓடப்போகிற வண்டியில் கூடுதலாக நான் ஒருத்தி ஏறினால் ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அப்படிப் பார்த்தால் என் பத்து ரூபாய் முழுக்க வரவு. நஷ்டம் என்று சொல்ல சராசரிச் செலவை எடுக்கிறார்கள்.

இதை எங்கள் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "வண்டி எப்படியும் ஓடும்னு யாரு சொன்னா? ஓடுறதே ஒரு முடிவுதானம்மா" என்றார். அடி சரியாக விழுந்தது. உண்மைதான், வண்டி ஓடுவது ஒரு முடிவு. சின்ன ஸ்டேஷன்களில் சிலவற்றில் ரயில்வே ஊழியரே கிடையாது, கமிஷனுக்கு ஒருவர் டிக்கெட் கொடுக்கிறார். டிக்கெட் எடுக்க ஆள் இல்லை என்றால் அந்த ஊரில் வண்டி நிற்காது. நிற்காவிட்டால் ஆள் வராது. இந்தச் சுழலில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போய் டிக்கெட் எடுப்பது.

ஒரு ஸ்டேஷனுக்கு என்ன மதிப்பு என்பதை வருமானத்தை வைத்து மட்டும் எழுத முடியாது என்பதற்கு ஸ்ரீவைகுண்டமே சாட்சி. 2023 டிசம்பர் 17, 18 மழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லை, வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பயணிகள். 19-ஆம் தேதி வரை மீட்பு நடந்தது. அதுவரைக்கும் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் புதுக்குடிக்காரர்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் தண்ணீர்தான். அந்த லைனில் 2024 ஜனவரியில்தான் மறுபடி வண்டி ஓடியது. நாங்கள் இறங்கிய அன்று பிளாட்பாரத்தில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. எண்ணூறு பேர் இந்த இடத்தில் இரண்டு நாள் இருந்தார்களா என்று நம்ப முடியவில்லை. எக்ஸ்பிரஸில் போயிருந்தால் ஜன்னல் வழியாக அரை நிமிடம் தெரிந்திருக்கும்.

யாராவது போவதாக இருந்தால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தண்டவாளத்தின் மேல் நடக்காதீர்கள். குறுக்கு வழி மாதிரி தெரியும், உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். தெரியாத இடத்தில் ஆற்றில் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, ஊர்ப் பெண்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். கார்த்திகை மழையில் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். தை, மாசி நல்லது. வரும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு அதற்கேற்பக் கிளம்புங்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் ஆகும். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். பொட்டலத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் பழைய துணியையும் பார்த்தால், ஆற்றைக் கும்பிடுகிறவர்களும் சுற்றிப்பார்க்கிறவர்களும் சேர்ந்தே இதைச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

ஆறு கிலோமீட்டர் அதிகம் என்றால் செங்கோட்டை லைனில் இன்னொன்று இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அம்பாசமுத்திரத்தில் ஏறுவது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஆறு, மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். மேற்கே பொதிகை மலை நேருக்கு நேர் நிற்கும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டால் வீட்டில் கேட்பவர்களுக்கு அதுவே காரணம் :-)

இரண்டாவது தடவை நாங்கள் அதற்குத்தான் போனோம். மூன்றாவதற்கு அம்மாவும் வருகிறேன் என்கிறாள். ஒரே நிபந்தனை, நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிட வேண்டுமாம். ஒன்பது கோயில்களும் ஆற்றின் இரண்டு கரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன, நடந்து முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். டைம்டேபிளை வாங்கி வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.