மேட்டில் தெரியும் பலம்

பேராவூரணிப் பக்கம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மேடு என்றால் ஏரிக்கரைதான். மற்றபடி, தேங்காய் மூட்டையோடு போகிறவரை மறிப்பது எதிர்காற்று. ஒருவர் எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறார் என்று அங்கே தள்ளி நின்று கணக்குப் போடுவது கஷ்டம். காற்று கணக்கைக் கலைத்துவிடும். மலையில் அப்படியில்லை. உழைப்பில் பெரும்பங்கு உடம்பை மேலே தூக்குவதற்கே போய்விடுகிறது.

கணக்கு சுலபம், சகோதரிகளே! ஆளும் சுமையும் எத்தனை கிலோ, ஏறிய உயரம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி, 9.8 ஆலும் பெருக்கி, ஆன விநாடிகளால் வகுத்தால் வாட் வந்துவிடும். பல்புக்குச் சொல்கிறோமே, அதே வாட்தான். 50 கிலோ எடையுள்ள நீங்கள் 10 கிலோ தண்ணீர்க் குடத்தோடு 3 மீட்டர் மாடிப்படியை 6 விநாடியில் ஏறினால், 294 வாட்! மேலே போனதும் மூச்சு வாங்கும், இல்லையா?

பிரான்ஸ் தேசத்தின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் த பிரான்ஸில் 'பிளாட்டோ த பெய்' என்று ஒரு மலை. ஏற்றம் ஏறக்குறைய 1,250 மீட்டர். 1998 இல் இத்தாலியரான மார்க்கோ பந்தானி அதைச் சுமார் 43½ நிமிஷத்தில் ஏறினார். ஆளும் சைக்கிளும் 66 கிலோ என்று வைத்துக்கொண்டால், தூக்குவதற்கு மட்டும் 310 வாட். காற்றுக்கும் சாலைக்கும் தனி. ஆறு விநாடி அல்ல, முக்கால் மணி நேரம்!

எங்கிருந்து வந்தது இந்தப் பலம்? அந்த வருஷத்துப் பந்தய மாதிரிகளைப் பின்னாளில் சோதித்ததில், பந்தானியுடையதிலும் ஈ.பி.ஓ. என்ற மருந்து தெரிந்ததாக 2013 இல் பிரெஞ்சு செனட் அறிக்கை கூறியது. ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைகளுக்குப் பிராணவாயுவை அதிகமாகக் கொண்டு சேர்க்கும் மருந்து அது. அறிக்கை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 2004 இலேயே காலமாகிவிட்டார்.

அப்படியானால் வேகமாக ஏறுகிறவர்களெல்லாம் மருந்து உண்டவர்களா? அவசரப்படாதீர்கள். 2024 இல் ஸ்லோவேனியரான பொகாச்சார் அதே மலையை 40 நிமிஷத்துக்குள் ஏறிவிட்டார். அவர் எந்தச் சோதனையிலும் பிடிபட்டவரல்ல. சைக்கிள், சாப்பாடு, பயிற்சி எல்லாமே இன்று மாறியிருக்கின்றன. பின்காற்று அடித்தாலும், எடையைத் தவறாக ஊகித்தாலும் கணக்கு புரண்டுவிடும்.

ஆனால், சோதனையில் தேறியவரெல்லாம் யோக்கியர் என்றும் சொல்லிவிட முடியாது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வருஷக்கணக்கில் சோதனைகளைக் காட்டியே வாதாடினார். 2012 இல் ஏழு பட்டங்களையும் இழந்து, மறு வருஷம் தம் வாயாலேயே உண்மையை ஒப்புக்கொண்டார்.

கணக்கு, கேள்வி கேட்கத்தான் உதவும். தண்டனை கொடுக்க அது போதாது. நேர்மையாக மிதிக்கிற பிள்ளையைச் சந்தேகம் சுட்டுவிடக் கூடாது. அந்தப் பிள்ளைக்காகவே கேள்வியையும் விட்டுவிடக் கூடாது!