தண்ணீர் குடித்தால் மார்க் வருமா?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், என் கைப்பேசிக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். "மூளையில் முக்கால் பங்கு தண்ணீர். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் நிறையத் தண்ணீர் குடித்தால் மதிப்பெண் கூடும். எல்லோருக்கும் பகிருங்கள்." இந்த வருடம் மூன்று பேர் அனுப்பினார்கள். மூவரும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. வெளியாள் அனுப்பியிருந்தால் அழித்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்தச் செய்தி முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. 2012இல் லண்டனில் நடந்த உளவியல் மாநாடு ஒன்றில் ஓர் ஆய்வை வாசித்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் 447 பேர். தேர்வறைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், கொண்டுவராதவர்களைவிடச் சராசரியாக ஐந்து சதவீதம் கூடுதலாக எடுத்திருந்தார்கள். முன்பே நன்றாகப் படிப்பவர்களா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எண்ணியது யார் பாட்டில் கொண்டுவந்தார்கள் என்பதை. யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதை அல்ல. முதல் நாளே பாட்டிலை நிரப்பி எடுத்துவைக்கிற பிள்ளை, பேனாவும் இரண்டு எடுத்து வைக்கும், பாடத்தையும் இன்னொரு முறை புரட்டிப் பார்க்கும். மார்க் வந்தது தண்ணீராலா, அந்தப் பழக்கத்தாலா? நாற்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் நீர் வற்றினால் கவனம் சிதறும், யோசனை தடுமாறும். நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் தெளிவான். தாகமே இல்லாதவன் ஒரு சொம்பு குடித்தால் கழிவறைக்குத்தான் ஓடுவான். ஆகவே தண்ணீர் மார்க் வாங்கித் தராது. தாகம் மார்க்கைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றல்ல.

என் சண்டை ஆய்வோடு இல்லை. "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிற நம்மோடுதான். பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாதா? தெரிந்தும் ஏன் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

நான் கேட்கவில்லை. 1987ஆம் வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மையத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போயிருந்தேன். கணக்குப் பரீட்சை. மணி அடிப்பதற்கு முன் வழக்கமாக ஒன்று சொல்வேன்: "நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள்." கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் அப்படியே சாய்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். குடிக்கக் கொடுத்தால் இரண்டே வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டாள். "இன்னும் குடிம்மா" என்றேன்.

"வேணாம் சார். குடிச்சா போகணும். இங்க போக முடியாது."

காலையில் ஊரிலிருந்து பஸ் ஏறியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். முந்தின இரண்டு பரீட்சைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

தேர்வு முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு கட்டடம், இரண்டு கதவு. ஒரு கதவில் பூட்டு, சாவி ஆசிரியைகளிடம். இன்னொன்றில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரும் இல்லை. "இப்போதே போய்விட்டு வாருங்கள்" என்று காலையில் அத்தனை கம்பீரமாகச் சொன்னேனே, எங்கே போகச் சொன்னேன்? மறுநாள் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்துவைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பரீட்சைக்கும் அதே அறிவிப்பைத்தான் செய்தேன்.

"நம்ம காலத்துல பாட்டிலா இருந்துச்சு? நாம படிச்சு முன்னுக்கு வரலையா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பாட்டில் இல்லை, சரி. ஆனால் வராந்தாவில் மண்பானை இருந்தது. பரீட்சை அறைக்குள் குடமும் டம்ளருமாக ஓர் ஆள் வரிசையாக வருவார். பையன்களுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவர் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். நான் என் மனைவியிடம் கேட்டேன். "வீட்டுக்கு வந்துதான்" என்றாள். முன்னுக்கு வந்தவர்கள் கதையை மட்டும் நாம் சொல்கிறோம். பாதியில் நின்றவர்கள் அதைச் சொல்ல நம் திண்ணைக்கு வரவில்லை.

இப்போது காலம் மாறவில்லையா என்றால், மாறித்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிவறையும் குடிநீரும் வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்குக் கெடு வைத்து உத்தரவு போட்டது. கேரளத்தில் 2019இல் தொடங்கிய 'வாட்டர் பெல்' 2025இல் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. மணி அடித்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல காரியம். ஆனால் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடாது. கழிவறை சரியில்லாத பள்ளியில் அந்த மணி அடித்தால், பையன் குடிப்பான். பெண் குடிப்பதுபோல் பாவனை செய்வாள். மாதவிலக்கு நாளில் பரீட்சை வந்தால் அந்தப் பாவனையும் இருக்காது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றோடு போகிற பெண் பிள்ளைகளைப் பற்றி எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே, ஓய்வு பெற்ற நண்பர்களே, அந்தச் செய்தியைப் பகிர்வதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். பேரனோ பேத்தியோ தேர்வு எழுதப் போகும் மையத்துக்கு ஒரு வாரம் முன்னால் நேரில் போங்கள். கழிவறை திறந்திருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே!

இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து மணிக்கு வினாத்தாளைக் கொடுத்து, வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "தாகம் எடுத்தால் குடிக்கலாம், போக வேண்டுமென்றால் கையைத் தூக்குங்கள், கூட ஆள் வரும்." காப்பி அடிப்பார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. அதற்குத்தான் கூட ஓர் ஆள். பத்துப் பேர் காப்பி அடிப்பார்கள் என்று பயந்து, ஒரு பிள்ளையைத் தாகத்தோடு மூன்று மணி நேரம் உட்கார வைப்பது கண்டிப்பு இல்லை.

1987இல் முடிவுகள் பேப்பரில் வந்தபோது அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு மார்ச்சிலும் தோன்றுகிறது.