கொடி இல்லாதவர்கள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் டியூக்ஸ்பரி என்று ஒரு சிறிய ஊர். 1471 மே 4 அன்று யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச வம்சங்கள் அரியணைக்காக அங்கே வெட்டிக்கொண்டன. இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் அதே சண்டையை அதே ஊரில் நடித்துக் காட்டுகிறார்கள். கோடையில் கடைத்தெரு நெடுக வண்ணக் கொடிகள் தொங்கும். அந்தப் போரில் நின்ற பிரபுக்கள், நைட்டுகள் ஆகியோரின் குலச்சின்னங்கள் அவை.

போன கோடையில் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். நல்ல பொழுது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் திருவிழாவுக்குப் போனாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள் என்று ஒரு பேச்சு உண்டே! பீரங்கிப் புகை, கொல்லர் பட்டறை, மரவாளோடு ஓடும் பிள்ளைகள் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன. என் ஒன்பது வயது மகளுக்கு ஒரு வில்லைப் பிடித்து இழுக்கக் கொடுத்தார்கள். அவள் ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது அது. திரும்பி வரும்போது தெருவை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: “அம்மா, இதுல வில்லு வச்சிருந்தவங்க கொடி எது?”

அவர்களுக்குக் கொடி கிடையாது. செத்துப்போன இளவரசன் எட்வர்டை ஊரின் பெரிய தேவாலயத்துக்குள் புதைத்தார்கள். வில்லோடும் ஈட்டியோடும் வந்து செத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை.

அந்த உலகத்தின் அடித்தட்டில் இருந்தவர்களை ஆங்கிலத்தில் ‘வில்லெய்ன்’ என்பார்கள். நம் மொழியில் பண்ணையடிமை. பண்ணையாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அவர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக்கூடாது. மகளைக் கட்டிக்கொடுத்தால் அவருக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் செத்தால் வீட்டில் இருக்கும் நல்ல மாட்டை அவர் ஓட்டிக்கொண்டு போவார். லத்தீன் ஆவணங்களில் இவர்களுக்கு ‘நேடிவஸ்’ என்று பெயர். பிறப்பால் அடிமை என்று பொருள். நம் சினிமாவில் வரும் ‘வில்லன்’ இந்த வில்லெய்ன்தான். உழுதவனின் பெயரை ஆண்டவர்கள் கெட்டவனின் பெயராக்கினார்கள். அதே ஆங்கிலம் பிற்காலத்தில் தமிழிலிருந்து பறையர் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் இன்றைக்கும் செய்தித்தாள்களில் கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

விழாவில் வேடம் போடுகிறவர்கள் எல்லோரும் நைட் வேடம்தான் போடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சமையல்காரராக, வில்லாளியாக, துணி துவைப்பவராக வந்து நாள் முழுக்க அடுப்புப் புகையில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஞாயிறு மாலை அந்த முரட்டுக் கம்பளி உடுப்பைக் கழற்றி காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் யாரும் அவர்களிடம், “உன் முப்பாட்டன் யார் பண்ணையில் கிடந்தான்?” என்று கேட்கப் போவதில்லை. கேட்க நினைத்தாலும் யாருக்கும் தெரியாது.

அந்த மறதி தானாக வரவில்லை. 1348-இல் வந்த பெரும் கொள்ளைநோயில் ஏராளமானோர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1351-இல் சட்டம் போட்டுக் கூலியை அமுக்கப் பார்த்தது அரசு. 1381-இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது பல ஊர்களில் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடித்தேடி எரித்தார்கள். யார் யாருக்கு அடிமை என்று எழுதி வைத்திருந்த சுருள்கள் அவை. கிளர்ச்சியை அரசு நசுக்கிவிட்டது. ஆனாலும் ஆட்கள் இரவோடிரவாக ஊரை விட்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். வேற்றூரில் போய் நின்றால் அவர்களை அடையாளம் காட்ட எதுவும் இல்லை. அங்கேயே பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். டியூக்ஸ்பரி போருக்கு நூறாண்டுக்குப் பிறகும் இதே குளோஸ்டர்ஷயரில் பிறப்பால் அடிமைகள் கொஞ்சம் பேர் மிச்சமிருந்தார்கள். முதலாம் எலிசபெத் 1574-இல் அரச நிலங்களில் இருந்த அப்படிப்பட்டவர்களைக் காசு வாங்கிக்கொண்டு விடுவிக்க ஆணையிட்டார். அந்தப் பட்டியலில் இந்த மாவட்டமும் இருக்கிறது.

இப்போது அன்றைய விழாவில் ஒரு கடை. குடும்பப் பெயரைச் சொன்னால் குலச்சின்னம் அச்சிட்டுத் தருவார்கள். எங்களோடு வந்திருந்த தமிழ்க் குடும்பத்து அண்ணன் ஒருவர் கேடயங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “நாமளும் ஆண்ட பரம்பரைதானேம்மா, ராஜராஜ சோழனே நம்ம ஆளு” என்றார். ‘நம்ம’ என்பதில் நான் உண்டா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுத்த கேள்வி உடனே வந்தது. “சொந்த ஊர் விழுப்புரம்னு சொன்னீங்கல்ல… ஊர்ல எந்தப் பக்கம்?”

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எதுக்குண்ணே தெரியணும்?” என்றேன். “சும்மாதான்” என்றார். எந்தப் பக்கம் என்றால் ஊரா சேரியா என்று அர்த்தம். அவர் கொண்டாடும் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்று அந்தப் பக்கம் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கேள்வியை ஒரு பொறியாளர் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளைக்காரர்கள் தங்கள் இடைக்காலத்தை விளையாட்டாக்கி வைத்திருக்கும் இடத்தில் நின்று கேட்கிறார். அவருக்கு அது வேடமில்லை.

ஓடிப்போன வில்லெய்ன் வேற்றூரில் தப்பித்தான். நாம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, சாமியைக் கேட்டு நூல் பிடித்து வந்துவிடுகிறார்கள். கடைசியில் எல்லாம் கல்யாணத்துக்காகத்தான். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். இங்கிலாந்துத் தமிழர்களின் வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தால் அந்தக் கட்டுரைக்கு வயதே ஆகவில்லை.

இந்த நாட்டுச் சட்டமும் இதைக் கண்டும் காணாமல் இருக்கிறது. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் அரசுக்குக் கட்டளையிட்டது. இங்குள்ள சில இந்து அமைப்புகள் அதை எதிர்த்து வரிந்து கட்டின. 2018 ஜூலையில் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இன்றைக்கு ஒரு தலித் தொழிலாளி சாதியின் பேரால் இழிவுபடுத்தப்பட்டால், 2014-இல் வந்த ஒரு தீர்ப்பாய முடிவைப் பிடித்துக்கொண்டு, தன் வலியை ‘இனப் பூர்வீகம்’ என்ற சொல்லுக்குள் திணித்து வாதாட வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர் அந்த வாதத்தை எங்கே போய்ச் செய்வார்?

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். சாதி என்ற சொல்லைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. இங்கே இருக்கும் தோழர்கள் அவரவர் தொகுதியில் எழுதலாம். ஒரு பக்கம் போதும்.