வலது கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

அடிப்படை கார்ட்ஸ் பழகி, நாலைந்து சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்ட்ரம்மிங் போடத் தெரிந்ததும் கிட்டார் கற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழும். அடுத்து என்ன? இணையத்தைத் திறந்தால் கிளாசிக்கல், ஃபிங்கர்ஸ்டைல், புளூஸ், ஜாஸ், ஃபிளமெங்கோ, மெட்டல் என்று விரிவான பாடத்திட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தள்ளுபடியில் மூன்றைச் சேர்த்து வாங்கி, எதிலும் ஆரம்பப் பாடங்களைத் தாண்டாதவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆசைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை, தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு.

கிட்டாரில் ஒரு பாணியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் வலது கைதான் என்பது என் உறுதியான எண்ணம். (இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) இடது கை கற்ற கார்ட்ஸும் ஸ்கேல்களும் எந்தப் பாணிக்குப் போனாலும் கூடவே வரும். வலது கைப் பழக்கம் அப்படி வராது. ஆண்டுக்கணக்கில் பிக் பிடித்து வேகமாக வாசித்தவர்கூட, விரல்களால் மீட்ட உட்கார்ந்தால் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிளாசிக்கலை எடுத்துக்கொள்வோம். இதில் நைலான் கம்பிகள், பிக் கிடையாது. கட்டைவிரலும் அடுத்த மூன்று விரல்களும் தனித்தனியே உழைக்க வேண்டும். நகத்தை அளவாக வளர்த்து வழவழப்பாகத் தேய்த்து வைத்திருக்க வேண்டும். கம்பியை மீட்டிய விரல் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நின்றால் மெலடி கனத்து ஒலிக்கும். எதிலும் படாமல் உள்ளங்கையை நோக்கி வந்தால் கார்டின் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். இந்த இரண்டையும் நினைத்த மாத்திரத்தில் மாற்றி மாற்றி மீட்டவே நல்ல பயிற்சி வேண்டும். நோட்டேஷன் படிக்காமலும் இதில் வெகுதூரம் போக முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் டிரினிட்டி தேர்வுகளில் கிளாசிக்கல் கிட்டாருக்கு 8 கிரேடுகள் இருக்கின்றன. இளையராஜா டிரினிட்டியில் தங்கப்பதக்கம் பெற்றதும் கிளாசிக்கல் கிட்டாரில்தான்.

ஃபிங்கர்ஸ்டைலிலும் விரல்கள்தான் மீட்டும் என்றாலும் வேலை வேறு. மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் வகுத்த வழி இது. இன்று டாமி இம்மானுவேல் அதை மேடைதோறும் கொண்டுபோகிறார். கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட, மற்ற விரல்கள் மேல்கம்பிகளில் பாட்டை வாசிக்கும். சி கார்டைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி என்று மட்டும் விடாமல் மீட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அது தடுமாறாமல் ஓடும்வரை மெலடியைத் தொட வேண்டாம். அவசரப்பட்டால் மெலடி எங்கே விழுகிறதோ அங்கே கட்டைவிரலும் இழுபட்டுப் போகும்.

ஃபிளமெங்கோவில் வலது கைதான் தாளவாத்தியம். விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பக்கம் வீசி மீட்டுவது, கிட்டாரின் பலகையில் நகத்தால் தட்டுவது எல்லாம் அதில் அடக்கம். 'சொலேயா' என்ற வடிவத்தில் 12 எண்ணிக்கை கொண்ட சுற்று. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். கையால் தட்டிப் பாருங்கள். கர்நாடகத் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். அவர்கள் ஃபிளமெங்கோவைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

எலெக்ட்ரிக் புளூஸ் நான் சொன்னதற்கு விலக்கு. அங்கே உயிர் இடது கையிலும் காதிலும் இருக்கிறது. மூன்றாம் கம்பியின் ஒன்பதாம் ஃபிரெட்டை வாசித்து அந்தச் சுருதியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏழாம் ஃபிரெட்டில் விரலை வைத்து, கம்பியை வளைத்து அதே சுருதிக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் குறைந்தாலும் காது சொல்லிவிடும். பி.பி. கிங் ஒற்றை ஸ்வரத்தை அசைத்தே அரங்கைக் கட்டிப்போட்டார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமல்ல. ஆர். பிரசன்னா கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்வதும் இடது கையின் இந்த நுணுக்கத்தை நம்பித்தான். கார்ட் மாறும்போதெல்லாம் யோசிக்கச் சொல்லும் ஜாஸை, பார் கார்ட்ஸும் ஸ்கேல்களும் கைக்கு வந்தபிறகு எடுப்பது நல்லது.

பாணி முடிவானால் எந்த மாதிரிப் பாடம் என்பதும் தெளிவாகிவிடும். பதிவு செய்த காணொளிக்கு உங்கள் மணிக்கட்டு மடங்கியிருப்பது தெரியாது. அதனால் கிளாசிக்கல், ஃபிளமெங்கோ, ஃபிங்கர்ஸ்டைல் மூன்றுக்கும் உங்கள் கையைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் இருக்கிற பாடத்துக்கே பணம் கட்டுங்கள். ஆர்ட்டிஸ்ட்வொர்க்ஸ் என்ற இணையப் பள்ளியின் முறையில் மாணவர் தன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்ப, ஆசிரியர் காணொளியிலேயே பதில் தருவார். கிளாசிக்கலுக்கு ஜேசன் வியோ, ஃபிங்கர்ஸ்டைலுக்கு மார்ட்டின் டெய்லர் போன்ற பெரிய கலைஞர்கள் அப்படிக் கற்றுத் தருகிறார்கள். பெர்க்லி ஆன்லைன் பாடங்கள் 12 வாரங்கள் ஓடுபவை, வாராவாரம் ஒப்படைக்க வேலை இருக்கும். செலவு அதிகம்தான், ஆனால் யாரோ ஒருவர் உங்கள் வாசிப்புக்காகக் காத்திருப்பார். புளூஸுக்கும் ராக்குக்கும் பதிவுப் பாடமும் பின்னணி இசையும் வெகுதூரம் கொண்டுபோகும். அடிப்படையில் ஓட்டை இருந்தால், ஜஸ்டின் சாண்டர்கோ இலவசமாகத் தரும் ஜஸ்டின்கிட்டார் பாடங்களிலேயே அதை அடைத்துக்கொள்ளலாம்.

கையிலுள்ள வாத்தியத்தையும் பாருங்கள். நைலான் கிட்டாரில் புளூஸ் வளைப்பு சரியாக வராது. ஸ்டீல் கம்பியில் கிளாசிக்கல் பயின்றால் நகம் சீக்கிரம் தேயும், கழுத்து ஒடுக்கமாக இருப்பதால் விரல்களும் நெருக்கியடிக்கும். பாணி மாறினால் வாத்தியச் செலவும் சேர்ந்து வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மனம் போகிற இரண்டு பாணிகளில் தலா ஒரு மாதிரிப் பாடத்தைப் பாருங்கள். ஆசிரியரின் வலது கையை மட்டும் (புளூஸ் என்றால் இடது கையை) கவனித்து, அந்த அசைவை அரை மணி நேரம் மெதுவாகச் செய்யுங்கள். மறுநாளும் அதைச் செய்ய எதில் மனம் தானாகப் போகிறதோ, அந்த ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டி ஓராண்டு கொடுங்கள். விரிவான பாடம் என்பது ஒரே அசைவைப் பல மாதம் செய்வது. அந்த அசைவு பிடித்திருந்தால்தான் அதில் நிலைக்க முடியும்.