எஞ்சிய நாளின் ஈகை

பொருளுடையார் பொருளை ஈவர். கல்வியுடையார் கல்வியை ஈவர். உடல் வலிமையுடையார் உழைப்பை ஈவர். தம்பால் மிகுந்திருப்பதை இல்லார்க்கு வழங்குவதே ஈகை என்று உலகம் பொதுவாகக் கருதுகின்றது. ஆயின், மிகுந்ததைக் கொடுப்பதினும் குறைந்ததைக் கொடுப்பது அரிது. நூறு குடம் நீர் உடையவன் ஒரு குடம் தருவதும், ஒரு குடமே உடையவன் அதிற் பாதியைத் தருவதும் ஒன்றாகா. தம் வாழ்நாள் குறுகிவிட்டது என்று அறிந்த ஒருவர், அக்குறுகிய நாள்களையே பிறர்க்கு ஈவாராயின், அக்கொடையை எத்துலாக்கோலால் நிறுப்பது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர், இங்கிலாந்து நாட்டு ஜேன் டாம்லின்சன் அம்மையார்.

அவர் 1964-ஆம் ஆண்டில் யார்க்ஷயர்ப் பகுதியைச் சார்ந்த வேக்ஃபீல்டு நகரில் பிறந்தார். லீட்ஸ் நகர மருத்துவமனையில், நோயுற்ற குழந்தைகளுக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் பணியைச் செய்துவந்தார். கணவரும் மக்கள் மூவரும் சூழ்ந்த எளிய இல்லறம் அவருடையது. 1990-இல், அவருக்கு 26 வயது நடக்கும்போது, மார்பில் புற்றுநோய் கண்டது. மருத்துவத்தால் அது தணிந்தது. ஆனால், பத்தாண்டு கழித்து 2000-இல் அது மீண்டும் தலைகாட்டியது. நோய் எலும்புகளிலும் பரவிவிட்டது என்றும், இனி அதன் விரைவைக் குறைக்கலாமேயன்றி அதனை அறவே நீக்குதல் இயலாது என்றும் தெரிந்தது. அவர் வாழக்கூடிய காலம் ஆறு திங்களே எனவும் கணக்கிட்டுச் சொல்லப்பட்டது.

புற்று எலும்பிற் பரவினால் இருந்தாலும் வலி, எழுந்தாலும் வலி. அதற்கு இடும் கடுமருந்துகளோ, நோயணுக்களோடு நல்ல அணுக்களையும் வருத்தும் தன்மையன; உணவு ஏலாது, உடல் சோரும். இந்நிலையில் உள்ள ஒருவர் படுக்கையிற் சாய்ந்து, உற்றார் பணிவிடையை ஏற்றிருப்பின் அவரைக் குறை கூறுவார் யார்? ஆயினும், அம்மையார் வேறொரு வழியைத் தேர்ந்தார்.

2002-இல் இலண்டன் மாநகரில் நடந்த மராத்தான் ஓட்டத்தில், 42 கிலோமீட்டர் தொலைவினை ஓடி முடித்தார். 2003-இல் பிரிட்டன் தீவின் வடகிழக்குக் கோடியில் உள்ள ஜான் ஓ குரோட்ஸ் என்னும் ஊரிலிருந்து, தென்மேற்குக் கோடியாகிய லேண்ட்ஸ் எண்டு வரை மிதிவண்டியிற் சென்றார். 2004-இல் தம் உடன்பிறந்தாரோடு உரோமாபுரியிற் புறப்பட்டு, லீட்ஸ் நகரிலுள்ள தம் இல்லம் நோக்கி வந்தார். அப்பயணத்திற்கு அவர்கள் கொண்டது, இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் வண்டி. அவ்வண்டியில் இருவர் மிதிகளும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் கால் சுழலும்போது மற்றவர் காலும் சுழன்றே தீரும். நோயுற்றாரும் நலமுற்றாரும் ஒருங்கே உழைத்து ஒரே வழியில் முன்செல்லும் காட்சிக்கு அதனினும் சிறந்த உருவகம் வேண்டுமோ?

இவை யாவற்றினும் பெரியது 2006-ஆம் ஆண்டின் பயணம். அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரையில் உள்ள சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கீழைக் கடற்கரையில் உள்ள நியூயார்க்கு வரை, 4,200 மைல், அஃதாவது 6,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை, ஒன்பது வாரங்களில் மிதிவண்டியிற் கடந்தார். ராக்கி மலைத்தொடர் குறுக்கிட்டது. கோடை வெயில் சுட்டது. நோயின் வலியோ நாள்தோறும் உடன் வந்தது. மலையின் ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும். அவர் வலிக்கு அத்தகைய இறக்கம் இல்லை.

இத்துணைத் துன்பமும் எதன் பொருட்டு? இங்கிலாந்தில் ஒரு நல்வழக்கம் உண்டு. அறச்செயலுக்குப் பொருள் திரட்ட விரும்புவோர், அரியதொரு செயலைச் செய்வதாக உறுதி கூறுவர். நெடுந்தொலைவு ஓடுவர், நீந்துவர், மிதிவண்டி மிதிப்பர். அவரை அறிந்தோரும் கேள்வியுற்றோரும் அவ்வுழைப்பை மதித்து இயன்ற பணம் அளிப்பர். வெறுங்கை நீட்டிக் கேட்டால் திறவாத பணப்பையும், ஒருவர் பிறர்க்காகப் பாடுபடுவதைக் கண்டால் திறக்கும். அம்மையாரின் பாடுகண்டு மக்கள் மனமுவந்து அளித்த தொகை, அவர் மறைவதற்குள் ஏறத்தாழ 18 இலட்சம் பவுன் ஆயிற்று. அத்தொகை புற்றுநோயாளர்க்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் உதவும் நிலையங்களைச் சேர்ந்தது. பிறர் உதவியைப் பெறுவதற்கு உரியவர் என உலகம் எண்ணிய ஒருவரே, பிறர்க்கு உதவுவாராக மாறினார்.

இத்தகையாரைப் போற்றுங்கால், "நோயை வென்றார்" என்று கூறுவது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கூறுவது பொருந்தாது. அம்மையார் நோயை வெல்லவில்லை. 2007 செப்டம்பர்த் திங்களில், 43-ஆம் வயதில் அந்நோயாலேயே மறைந்தார். பிழைத்தவர் வென்றார் என்றால், இறந்தவர் தோற்றார் என்றன்றோ பொருள்படும்? மனவுறுதி மிக்காரும் இந்நோயால் மடிகின்றனர். அஃது அவர்தம் குற்றமன்று. வண்டி மிதித்ததனால் அவர் பெரியர் ஆயினார் அல்லர். மிதிக்க இயலாது கிடக்கும் நோயாளர் சிறியரும் அல்லர். நோவின் நடுவிலும் பிறர் நோவை மறவாத நெஞ்சமே அவர் பெருமை. அந்நெஞ்சம் படுக்கையிற் கிடப்பார்க்கும் உண்டாகலாம்; தம்மைக் காண வருவாரிடம் கூறும் ஓர் இன்சொல்லிலும் அது வெளிப்படலாம்.

"சின்னாள் வாழ்வினையும் மக்களோடு கழிக்காமல் ஊர் ஊராகச் செல்லுதல் தகுமோ?" என்று வினவுவாரும் உளர். இவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் கூடாது. அவருடைய இளைய மகன் அப்போது பள்ளிச் சிறுவன். அன்னையோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் அச்சிறுவனுக்கு எண்ணிக் கொடுத்த பொன்னாக இருந்திருக்கும். ஒன்பது வாரம் என்பது சிறிய விலையன்று. ஆனால், அவ்விலையை அறியாமல் அம்மையார் கொடுத்தார் எனல் பொருந்துமோ? அறிந்தே கொடுத்தார். அவர்தம் கணவரும் அம்முயற்சிகளுக்குத் தோள்கொடுத்தார். இருவரும் இணைந்து தம் வாழ்வினை நூலாகவும் எழுதினர். மேலும், தாயின் உடனிருப்பு மட்டுமன்று, தாயின் வாழ்வும் மக்களுக்கு உரிய செல்வமே. அன்னை தம் இறுதி நாள்களை எவ்வாறு செலவிட்டார் என்னும் நினைவு, அவர் மறைந்த பின்னும் மக்களுடன் வாழும். எனினும், இவர் செய்தவாறே எல்லா நோயாளரும் செய்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது அறமாகாது. கொடை கொடுப்பாரின் உரிமை. கேட்பாரின் கட்டளை அன்று.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவிற்கு ஓர் அதிகாரமும் வகுத்தார்; நிலையாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நிலையாமையை உணர்ந்தார் சிலர், "எல்லாம் அழியும், எதற்கு முயல்வது?" என்று சோர்வர். வேறு சிலர், "அழியுமுன் ஆவன செய்வோம்" என்று எழுவர். டாம்லின்சன் அம்மையார் இரண்டாம் வகையினர். அவர் மறைந்த ஆண்டில், அவர் முயற்சியால் லீட்ஸ் நகரில் பொதுமக்கள் கூடி ஓடும் அறவோட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அவருக்குப் பின்னும் அது நின்றுவிடவில்லை. யார்க்ஷயரின் பிற நகரங்களுக்கும் அத்தகைய ஓட்டங்கள் பரவின. ஒருவர் கால்கள் ஓய்ந்தபின் ஆயிரக்கணக்கானோர் கால்கள் அவ்வறத்தைச் சுமந்து ஓடின.

தம் நாள்கள் இத்துணை என எவர்க்கும் தெரியாது. நெடுங்காலம் உண்டு என்னும் நம்பிக்கையால், நல்ல செயலை நாளைக்கு எனத் தள்ளி வைப்பது இளையோர் இயல்பு. நாளை என்பது உறுதியில்லாத ஒருவர், இன்றைய நாளைப் பிறர்க்கு ஈந்தார். நாளை உண்டென நம்புவோர், இன்றைய நாளில் ஒரு நாழிகையேனும் பிறர்க்கு ஈதல் அரிதோ?