காட்டில் இராத்தங்க ஓரிடம்

உகந்தை முருகன் சந்நிதியைத் தாண்டியதும் குமண வனம் தொடங்குகிறது. இந்த வனத்தில் இராத்தங்குவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்திற்கு முற்கூட்டியே பணங்கட்டி, ஒதுக்கப்பட்ட இடத்திற் கூடாரமடிப்பது ஒன்று. ஆடி மாத உற்சவத்திற்காகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் பாதயாத்திரிகரோடு கூடிச்சென்று, பொழுது சாயும் வேளையிற் கிடைத்த மரநிழலிற் படுப்பது மற்றது. காடு ஒன்றுதான், யானையும் அதே யானைதான். விதிகளோ முற்றிலும் வேறு.

முதலாவதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அநுமதிச் சீட்டின்றிக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். “இடம் சும்மாதானே கிடக்கிறது?” என்ற வாதம் அங்கே செல்லாது. செல்லாமலிருப்பதும் நியாயமே. மனிதர் தங்குமிடங்களை எண்ணி வைத்தாலன்றோ, மிருகங்கள் தண்ணீருக்கு வரும் வழி அவற்றிற்கு மிஞ்சும்? சிறு பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்தினருக்கு இம்மார்க்கமே உகந்தது. விடுமுறைக் காலமாயின் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்தல் நன்று.

பாதயாத்திரிகரின் வழக்கமே நம் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. காட்டுப்பாதை ஆண்டுதோறும் உற்சவத்தையொட்டிச் சில நாள்களுக்கு மாத்திரமே திறக்கப்படும். உகந்தையிற் பதிவுசெய்துகொண்டு உள்ளே புகுந்தவருக்கு அப்பால் எவரும் இடம் ஒதுக்கித் தருவதில்லை. கும்புக்கன் ஆற்றங்கரை, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. அவற்றைத் தீர்மானித்தது தண்ணீர். முந்தி வந்தவர் மரத்தடியைப் பிடித்துக்கொள்வார். பிந்தி வந்தவருக்கும் பாய் விரிக்கச் சற்று ஒதுங்கி இடங்கொடுப்பார். ஒதுங்காதவரை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

ஆயினும், எங்கும் படுத்துவிடலாம் என்று எண்ணலாகாது. கும்புக்கன் ஆற்றின் கரையில் வானளாவி நிற்கும் மருத மரங்களின் கீழ்த் தரை மெத்தென்றிருக்கும். அங்கேயே சரிந்துவிட மனம் ஏவும். முதலிற் குனிந்து தரையைப் பார்க்கவேண்டும். யானை இலத்தியும், மிதிபட்டுத் தேய்ந்த அகன்ற தடமும் காணப்பட்டால், அது அவை இரவில் நீருக்கு இறங்கும் பாதை. அதை மறித்துப் படுப்பவர் தம்மை மட்டுமன்றி, உடன்வந்த கூட்டம் முழுவதையும் ஆபத்திற்கு உள்ளாக்குகிறார்.

வற்றிய ஆற்றின் மணலிலும் துயிலலாகாது. நம் தலைக்குமேல் நட்சத்திரங்கள் மின்னும்போதே, மேற்கே ஊவா மலைப்புறத்திற் பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வந்து சேரக்கூடும். ஆழமான மடுக்களில் முதலைகள் உண்டு. ஆதலால் கரையோர மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரைத் துணியில் வடித்துக் காய்ச்சிப் பருகுவதே முறை. வாழைப்பழச் சீப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குவது யானைக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம்.

வேல் தாங்கி முன்செல்லும் பெரியவர்கள் இவற்றையெல்லாம் ஏட்டிற் படித்தவர்களல்லர். “இங்கே வேண்டாம், அப்பாலே போவோம்” என்று அவர் சொன்னால், கால் கடுத்தாலும் கூட்டம் எழுந்துவிடும். காரணத்தை மறுநாட் காலையிற் கேட்டால் தடத்தைக் காட்டுவார்.

இவ்வாண்டு செல்ல விரும்பும் இளைஞர், பாதை திறக்கும் தேதியை மாவட்டச் செயலகத்தில் விசாரித்தறிந்து, தனியே புறப்படாமல் அத்தகைய ஒருவரின் கூட்டத்திற் சேர்ந்துகொள்வாராக. பிளாஸ்திக் பொருள்களை வீட்டிலேயே விட்டுச் செல்க.