காவலும் கடமையும்

வாளையார் என்றதும் தமிழருக்கு நினைவு வருவது ஒரு சோதனைச் சாவடி. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளம் புகும் லாரிகள் அங்கே நீண்ட வரிசையில் காத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 2017 சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது. விற்பனை வரிச் சோதனை முடிந்தது. அந்த வரிசையும் கலைந்தது. ஆயினும் சாவடி கொடிகட்டிப் பறந்த நாளிலேயே எல்லையோர மக்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் வருவதைத்தான் சாவடி பார்க்கும்; காட்டுப் பாதையில் வருவதை அது காணாது. சாவடி வேண்டும்தான். ஆனால் சாவடி இருக்கிறதே என்ற துணிவில் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்குபவனை அறிவுடையவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மாணவத் தோழர்களே! நம் வீட்டுக் கணினிகளின் நிலை இன்று அதுதான். ‘ஆண்டிவைரஸ்’ என்று கடையில் கேட்டு வாங்கும் காவல் மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டால் போதும், நம் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். பிறகு ஒரு நாள் கணினி திடீரென நின்றுவிட்டால், “வைரஸ் வந்துவிட்டது” என்று கூவிக்கொண்டு கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவித் தருகிறார். கூலியும் போகிறது, கோப்புகளும் போகின்றன, நின்றதற்குக் காரணம் மட்டும் போவதில்லை. பணம் கொடுத்துக் காவலனை அமர்த்தலாம். பொறுப்பை அவனிடம் விற்றுவிட முடியாது. இதுவே நான் சொல்ல வந்தது.

வெகு தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2017 மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் பணயநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறவுகோல் வேண்டுமாயின் 300 டாலர் பிட்காயினாகத் தா என்று கேட்டது. சில நாள்களில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த அலை நம் பக்கமும் வந்தது. வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகள் பூட்டப்பட்டன. தென்னக இரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. வாளையார் நிலையத்தைத் தாண்டி நாம் ஊருக்குப் போகும் வண்டிகளை ஆளும் அலுவலகம் அது!

வந்த வழி என்ன? விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச்சு 14ஆம் நாளே இலவசமாக வெளியிட்டிருந்தது. நோய் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே மருந்து வாசலுக்கு வந்து நின்றது. கதவைத் திறந்து வாங்குவார்தாம் இல்லை. அந்தப் புதுப்பிப்பை ஏற்றிருந்த கணினிக்குள் அந்த ஓட்டை வழியே வானாக்ரை நுழைந்திருக்க முடியாது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று நாம் தள்ளிப்போடும் அந்தச் சிறு அறிவிப்புக்கு எவ்வளவு விலை என்பதை உலகம் அன்று கண்டது.

சரி, விலை உயர்ந்த காவலனை அமர்த்திவிட்டால் கவலை தீருமா? காவலனும் தவறுவான் என்பதற்கு வரலாறு உண்டு. 2010 ஏப்பிரல் 21ஆம் நாள் மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பு ஒன்றையே வைரஸ் என்று எண்ணிச் சிறையில் அடைத்தது. நலமாயிருந்த கணினிகள் அணைவதும் எழுவதுமாக அல்லாடின. 2024 சூலை 19ஆம் நாள் நடந்ததோ அதனினும் பெரிது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், பெரிய அலுவலகங்களைக் காக்கும் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. இருபது மதிப்புகளே தரப்பட்டிருந்த இடத்தில் இருபத்தொன்றாவதைத் தேடிப் போயிற்று அந்த மென்பொருள், படிக்கக் கூடாத இடத்தைப் படிக்க முயன்றது, விழுந்தது. இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே அது குடியிருந்ததால் கணினியையும் சேர்த்து வீழ்த்தியது. 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே திருடனும் இல்லை, வைரஸும் இல்லை. காவலன் கால் இடறி விழுந்தான், வீடு இடிந்தது.

காவலனே களவாடிய கதையும் உண்டு. அவாஸ்ட் என்பது கோடிக்கணக்கானோர் இலவசமாகப் பயன்படுத்திய காவல் மென்பொருள். தன்னை நம்பியவர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற செய்தியைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அதற்கு 165 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தானே!

ஆகவே காவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆராய்ந்து அமர்த்துக என்கிறேன். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் ‘டிஃபெண்டர்’ என்ற காவல் மென்பொருள் கூடவே வருகிறது. தனியாக விலை இல்லை. செர்மனியின் ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்கள் காவல் மென்பொருள்களைத் தொடர்ந்து தேர்வு வைத்து மதிப்பெண் இடுகின்றன. அத்தேர்வுகளில் டிஃபெண்டர் சில ஆண்டுகளாக நல்ல மதிப்பெண் பெற்று வருகிறது. மாணவனுக்கும் சாதாரணக் குடும்பத்துக்கும் அது போதும் என்பது என் கருத்து. பணம் கொடுத்து வாங்குவோர் சென்னையில் 1991இல் தோன்றிய கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம் நாட்டு நிறுவனங்களையும் அயல்நாட்டாரையும் அந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கட்டும். விளம்பரத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். கணினிக்குள் வைரஸ் புகுந்திருக்குமோ என்று ஐயுறுவோருக்கு, இந்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசத் துப்புரவுக் கருவிகளைத் தருகிறது.

ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் இரட்டைக் காவல் என்று எண்ணுவோரும் உளர். ஒரு வாயிலில் இரண்டு காவலர் நின்று, ஒருவரை ஒருவர் திருடன் என்று பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கணினி மந்தமாகும், சில வேளை நின்றே போகும். புதிய மடிக்கணினியில் சில நாள் இலவசமாக வரும் காவல் மென்பொருளைத் தொடர விருப்பமில்லையா? முறையாக நீக்கிவிடுங்கள். தவணை முடிந்தபின் அது காவல் செய்வதை விட்டுப் பயமுறுத்துவதைத் தொழிலாகக் கொள்ளும்.

விடுதித் தோழர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் பேசவேண்டும். விலைகொடுக்காமல் விளையாட்டையோ வரைகலை மென்பொருளையோ பூட்டுடைத்து நிறுவுகிறோம். அதனுடன் வரும் குறிப்பில் முதல் வரி என்ன? “ஆண்டிவைரஸை அணைத்துவிடு” என்பது. திருடன் வந்து, “நாயைக் கட்டிப் போடு, பிறகு உள்ளே வருகிறேன்” என்கிறான். நாமும் கட்டிப் போடுகிறோம்! அதே கணினியில்தான் தந்தையின் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். அதே பென் டிரைவைத்தான் அறைக்கு அறை கொண்டு செல்கிறோம். எந்தக் காவல் மென்பொருளாலும் எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறிய இயலாது என்பதை 1980களிலேயே பிரெட் கோஹன் என்ற அறிஞர் கணித முறையில் நிறுவிவிட்டார். முழுக்காவல் என்பது விற்பனையாளன் சொல். அறிவியலின் சொல் அன்று.

இனி, கணினி நின்றுபோவதைப் பற்றிப் பார்ப்போம். வைரஸ் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அன்று. 2003இல் வெளிவந்த வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று, விண்டோஸ் எக்ஸ்பியில் அறிவிக்கப்பட்ட செயலிழப்புகளில் 85 விழுக்காட்டுக்கு இயக்கி நிரல்களே காரணம் என்று குறிப்பிட்டது. அச்சுப்பொறி, திரை அட்டை, ஒலி அட்டை ஆகியவற்றைக் கணினியோடு பேசவைக்கும் சிறு நிரல்களே அவை. அன்றைய எண்ணிக்கை இன்றைக்குப் பொருந்த வேண்டுவதில்லை. ஆனால் அது கற்பித்த பாடம் பொருந்தும். குற்றவாளியைத் தேடும்போது வீட்டுக்குள்ளும் தேடவேண்டும்.

எப்படித் தேடுவது? முதற் கேள்வி: நின்றுபோவதற்கு முன் என்ன மாறிற்று? புதிய மென்பொருளா, புதிய கருவியா, புதுப்பிப்பா? மாறியதை நீக்கிப் பாருங்கள். இரண்டாவது: திரையில் என்ன எழுதிற்று? பெயர்பெற்ற அந்த நீலத்திரை, விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் கருந்திரை ஆகிவிட்டது. நிறம் எதுவாயினும் அதில் ஒரு குறியீடு இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள், கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவனுக்கு நாடி எப்படியோ, நமக்கு அக்குறியீடு அப்படி. விண்டோஸில் உள்ள ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ எந்த நாளில் எது விழுந்தது என்று நாட்குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. திறந்து படிப்பவர்தாம் குறைவு.

திரையில் எதுவும் தோன்றாமல் விளக்கு அணைந்தாற்போல் கணினி அணைகிறதா? பெரும்பாலும் வெப்பமோ மின்சாரமோ காரணம். மார்ச்சிலும் ஏப்பிரலிலும் பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தொடும். கணவாய்க் காற்று புழுதியை வாரி வந்து விசிறியில் அடைக்கும். சூடு எல்லை மீறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அங்கே தேவை ஒரு சிறு தூரிகை, ஆண்டிவைரஸ் அன்று. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு தோன்றுகிறதா? நினைவகத்தைச் சோதியுங்கள், அதற்கான கருவி விண்டோஸிலேயே உள்ளது. கோப்பு திறக்க நிமிடக் கணக்கில் ஆகிறதா, வட்டு கடகடவென ஒலிக்கிறதா? வேறு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளைப் படியெடுங்கள்; வட்டு இறுதி மூச்சு விடுகிறது. ஒன்றும் புரியவில்லையா? ‘சேஃப் மோட்’ என்னும் பாதுகாப்பு நிலையில் கணினியை எழுப்புங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால், பிழை நாம் பின்னர் ஏற்றிய மென்பொருளிலோ இயக்கியிலோ இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். காவல் மென்பொருளும் அந்தப் பட்டியலில் அடங்கும். கிரவுட்ஸ்ட்ரைக் வீழ்த்திய கணினிகளில் பலவற்றையும் இந்த நிலையில் எழுப்பித்தான், அந்த ஒரு கோப்பைக் கையால் அழித்துப் பிழைக்க வைத்தார்கள்.

இன்னொரு நுட்பம். உண்மையான செயலிழப்புத் திரை, “இந்த எண்ணுக்கு உடனே பேசு” என்று ஒருபோதும் சொல்லாது. தொலைபேசி எண்ணோடு அலறும் திரை மோசடிக்காரனின் திரை. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணில் உடனே முறையிடுங்கள்.

“இவ்வளவுக்கும் நேரம் ஏது? படிப்பா, கணினி வைத்தியமா?” என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். நான் கேட்பது அதிகம் இல்லை. புதுப்பிப்பை வந்த வாரமே ஏற்றுங்கள். வாரம் ஒரு முறை ஆய்வேட்டையும் குடும்பப் படங்களையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்த வட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். மாட்டியபடியே விட்டால் பணயநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இந்த இரண்டையும் செய்தவனுக்குக் கணினி நின்றால் அரைநாள் போகும். செய்யாதவனுக்கு மூன்றாண்டு ஆய்வே போகும். நேரத்தை மிச்சப்படுத்தியவன் யார்?

பழைய கணினி உள்ள வீடுகளுக்கும் ஒரு சொல். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தனியாகப் பதிந்து நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாடு சிறிது காலத்துக்கு உதவும். நிலையான வழி ஆகாது. புதுக் கணினி வாங்க வசதி இல்லாத வீடு என்ன செய்வது? விடை நம் கண்முன் இருக்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸில்தான் கணினி பயில்கின்றனர். ‘கைட்’ நிறுவனம் அதற்கெனவே தனிப்பதிப்பு செய்து தருகிறது. கணினிப் பாடநூல் மலையாளத்தோடு தமிழிலும் உண்டு. எல்லையோரத்துத் தமிழ் வழிப் பள்ளிச் சிறுவன் அஞ்சாமல் ஆளும் இயங்குதளத்தைப் பல்கலைக்கழக மாணவன் கண்டு அஞ்சலாமா? லினக்ஸிலும் ஓட்டைகள் உண்டு. புதுப்பிப்புக் கடமை அங்கும் உண்டு. ஆனால் கைவிடப்பட்ட இயங்குதளத்தில் காலம் தள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நிறைவாக, நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றம் நடத்துகிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், நன்று. மாதம் ஒரு ஞாயிறு கணினிப் பணிக்கும் ஒதுக்குவோம். தெரிந்தவர் தெரியாதவர்க்குப் படியெடுக்கவும், புதுப்பிக்கவும், குறியீட்டைப் படித்துக் காரணம் காணவும் கற்றுத் தருவோம். கற்றவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டுக் கணினியில் அதைச் செய்து காட்டட்டும். பிள்ளை கணினி படிக்கிறான் என்று பெருமை பேசும் பெற்றோருக்கு, அவன் படிப்பால் அவர்கள் சேமிப்பு ஒரு முறையேனும் காக்கப்பட்டால், அந்தப் பெருமைக்குப் பொருள் உண்டாகும்.

காவலனை அமர்த்துவோம், தோழர்களே! நாமும் விழித்திருப்போம்!